அப்பா எதிரணிக்குக் கைதட்டிய சனிக்கிழமை

ரொறொன்ரோவின் மல்வேர்னில் என்னோடு வளர்ந்தவர்களே, இந்த முறை இளையோர் உலக ஐஸ் ஹொக்கிப் போட்டியில் கனடா தோற்ற மறுநாள் நம்முடைய வட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதியவற்றை ஒன்று விடாமல் வாசித்தேன். விளையாடிய பிள்ளைகளுக்கு வெட்கமே இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். பயிற்சியாளரை வேலையிலிருந்து கலைக்கச் சொன்னார் இன்னொருவர். நம்மில் மூத்தவர், பேரப்பிள்ளை கண்டவர், “துரோகிகள்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அழுகிற முகம் ஆறு போட்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர்கள், முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் துரோகிகள் என்கிறீர்கள். வென்றது ஒரு சின்ன நாடு என்பதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தச் சொல்லை நான் பன்னிரண்டு வயதிலேயே என் அப்பா மீது எறிந்துவிட்டேன். இப்படியான ஒரு தோல்வி நடந்த சனிக்கிழமையில்தான் எறிந்தேன். அதை யார் மீது எறிந்திருக்க வேண்டும் என்பது இந்தத் தை மாதத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. குழுவில் எழுதினால் நீங்கள் உடனே கைகூப்பிய படம் போடுவீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், தேநீர் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் கட்டடம் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு லிஃப்டில் ஒன்று எப்போதும் பழுது. ஏழாம் மாடியில் இறங்கினால் எந்த வீட்டில் என்ன கறி என்று கதவு திறக்காமலே சொல்லலாம். அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய குளிர்ச்சட்டையில் எந்நேரமும் புளித்த மாவின் மணம் இருக்கும். அதைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் கொழுவியதும் வீடு முழுக்க அந்த மணம் பரவும். அந்த இலையுதிர்காலத்தில்தான் எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. சத்தியப் பிரமாண வாசகத்தை ஒரு மாதம் முழுக்க அப்பா குசினியில் நின்று பாடமாக்கினார். ராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையாய் இருப்பேன் என்ற இடத்தில் நாக்குத் தடுக்கும். நான் திருத்துவேன், அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். எனக்கு அப்போது ஆசிரியை என்ற நினைப்பு. அவர் பிழை விட்டால் கரண்டியால் மேசையில் தட்டுவேன். சத்தியம் செய்த அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு சிவப்புக் கனடா ஜேர்சி வாங்கித் தந்தார். பழைய உடுப்புக் கடையில் வாங்கியது. முதுகில் யாரோ ஒரு பிள்ளையின் பெயர் இருந்து பிரிக்கப்பட்டிருந்தது. நூல் போன துளைகளை விரலால் தடவினால் அந்தப் பெயரைப் படித்துவிடலாம். ஆனாலும் அது என்னுடைய ஜேர்சி. இனி இதுதான் எங்கட நாடு, பிள்ளை என்று அப்பா பஸ்ஸில் வைத்துச் சொன்னார். நான் அதை அப்படியே நம்பினேன்.

வாகனத் தரிப்பிடத்தில் ரென்னிஸ் பந்தால் ஹொக்கி விளையாடினோமே, அதில் நான் எப்போதும் கோல்கீப்பர். வேறு ஒருவரும் நிற்க விரும்பாத இடம் என்பதால் கிடைத்தது. செற்றியின் மெத்தை இரண்டை அம்மாவின் பழைய சீலைத் துண்டால் காலில் கட்டிக்கொண்டு நிற்பேன். பந்து முகத்துக்கு வந்தாலும் கண்ணை மூட மாட்டேன். என்னிடம் இருந்த திறமை அது ஒன்றுதான். எதிர்ப்பக்க வரிசை வீடுகளில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் என் வகுப்பு, என் தோழி. அவளும் எங்களோடு விளையாடுவாள். அவளுடைய தகப்பன் பெண் பிள்ளைகளின் ஹொக்கி அணி ஒன்றுக்குப் பயிற்சியாளர். நாங்கள் எல்லோரும் அவரைக் கோச் என்றுதான் கூப்பிட்டோம். ஒருநாள் மகளைக் கூட்டிப்போக வந்தவர் காரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்ட வந்து, தன் அணியின் கோல்கீப்பர் வேறு ஊருக்குப் போகிறாள், தையிலிருந்து நீ வருகிறாயா என்று கேட்டார். காற்கவசம், தலைக்கவசம், ஸ்கேட்ஸ் எல்லாம் தன்னிடமே இருக்கிறது, சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தானே காரில் ஏற்றிப் போவார். அப்பா சம்மதம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

அதற்கு முன்பே அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பஸ்ஸில், அந்த அணி விளையாடும் பனி மைதானத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். கதவைத் திறந்ததும் வந்த ரப்பர் பாயின் மணமும் ஈரக் கையுறையின் நாற்றமும் சூடான சொக்கிலேற்றின் ஆவியும் இன்றும் என் மூக்கில் இருக்கின்றன. பனித்தரையை மழித்துத் தண்ணீர் பூசும் வண்டி ஒருமுறை சுற்றி வந்ததும் தரை கண்ணாடியாகக் கிடந்தது. அந்த வலைக்கு முன்னால் நிற்பதை விட எனக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகும் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை. என் கணவர் இதை வாசிக்க மாட்டார்.

அப்பா மறுக்கவில்லை. ஆனால் ஆர் எவரென்று தெரியாமல் பிள்ளையைக் காரில் ஏற்றிவிட முடியாது, அந்த மனிசனை வீட்டுக்கு வரச்சொல்லு என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. புதுவருடத்துக்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம் இளையோர் உலகப் போட்டியில் கனடாவுக்கு ஒரு ஆட்டம் இருந்தது. எங்கோ ஐரோப்பாவில் நடந்தது, எங்களுக்குப் பட்டப்பகலில் காட்டினார்கள். எதிரே பால்டிக் கரையில் இருக்கிற ஒரு சின்ன நாடு, பெயரைத் தேடத் தேசப்படத்துக்கு உருப்பெருக்கி வேண்டும். லேசான ஆட்டம், கோச் சந்தோசமாக இருப்பார், அப்பாவுக்கும் அவரைப் பிடித்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். கோச்சையும் மகளையும் ஆட்டம் பார்க்க அழைத்தேன்.

அப்பாவுக்கு நான் விதித்த கட்டளைகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. தேசிய கீதத்துக்கு எழும்ப வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. சாரத்தோடு இருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றார். அம்மா மட்டன் ரோல்ஸ் பொரித்தார். உறைப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தேன், குறைத்தபடியால் ருசி இல்லை என்று முணுமுணுத்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, கூப்பிடாமலே தன் வேலையிடத்து நண்பர்கள் இரண்டு பேரோடு வந்துவிட்டார். நான்கு ஆண்களும் செற்றியில் நெருங்கி இருக்க, கோச்சுக்கு வீட்டில் இருந்த ஒரே கைப்பிடிக் கதிரை. அவரும் சிவப்பு ஜேர்சி, மகளும் சிவப்பு, நானும் சிவப்பு.

முதலில் எல்லாம் நான் போட்ட கணக்குப்படிதான் போனது. கனடா இரண்டு கோல் அடித்தது. கோச் அப்பாவுக்கு விதிகளை விளக்கினார், அப்பா தலையாட்டினார், ரோல்ஸ் ஐந்தை அவர் தட்டில் வைத்தார். பிறகு அந்தச் சின்ன நாட்டுக் கோல்கீப்பர் விழித்துக்கொண்டான். ஒல்லிப் பையன், கவசம் அவனை விடப் பெரிது. பக் என்கிற அந்தக் கறுப்பு வட்டு எங்கிருந்து வந்தாலும் அங்கே அவன் கிடந்தான். நானே வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். அப்போது அப்பா கோச்சிடம், அந்த நாட்டில் எத்தனை சனம் என்று கேட்டார். இந்த ரொறொன்ரோவை விடக் குறைவு என்றார் கோச். இவ்வளவு காலமும் இன்னொரு நாட்டுக்குள் அமிழ்ந்து கிடந்தவர்கள், தங்கள் கொடியோடு விளையாட வந்து கொஞ்சக் காலம்தான் என்றும் சொன்னார். நல்ல மனிதர், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் செற்றியில் இருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் முன்னுக்கு வந்து விளிம்பில் இருந்தார்கள். அதற்குப் பிறகு ரோல்ஸை ஒருவரும் தொடவில்லை.

அவர்கள் ஒரு கோல் அடித்தார்கள். மாமா மெல்ல, அடிச்சிட்டான் என்றார். நான் திரும்பி முறைத்தேன். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டாவதையும் அடித்துச் சமப்படுத்தினார்கள். அப்பாவின் கால் ஆடத் தொடங்கியது. மேலதிக நேரத்தில், தடியில் பட்டுத் திரும்பிய ஒரு பக், மூன்றாவது கோல். கனடா தோற்றது. அப்பா எழும்பிக் கைதட்டினார். கைதட்டினார் என்றால் சாதாரணமாக இல்லை. துள்ளினார், விசிலடித்தார், மாமாவைக் கட்டிப்பிடித்தார், தேநீர்க் கோப்பை கவிழ்ந்து கம்பளத்தில் ஓடியது கூடத் தெரியவில்லை. நான்கு தமிழர்கள், வாழ்நாளில் போகாத, போகப்போகாத ஒரு நாட்டுக்காக எங்கள் வீட்டின் நடுவில் கூத்தாடினார்கள். என் தோழி ஜேர்சிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோச் கதிரையில் அப்படியே இருந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது, வெட்கத்தில் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்கள் கெதியிலேயே புறப்பட்டார்கள். அம்மா மிஞ்சிய ரோல்ஸை வெள்ளித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை என்னை ஏற்றிப்போவது பற்றிக் கோச் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கதவு சாத்தியதும் நான் ஜேர்சியைக் கழற்றி அப்பாவின் காலடியில் எறிந்தேன்.

“நீங்கள் சத்தியம் பண்ணினீங்கள்,” என்றேன். “உண்மையாய் இருப்பன் எண்டு சொன்னீங்கள். நீங்கள் ஒரு துரோகி.”

அப்பா கைகளை விரித்துப் பார்த்தார், அவை செய்ததை அவரே அப்போதுதான் கண்டவர் மாதிரி. மாமாதான் சமாதானம் சொல்ல வந்தார். தீவில் இருந்த காலத்தில் கிரிக்கெட் வர்ணனையை றேடியோவில் கேட்கும்போது, எங்கள் பாஸ்போட் எந்த நாட்டினுடையதோ அந்த நாட்டுக்கு எதிராக யார் விளையாடினாலும் அவர்களுக்குத்தான் கைதட்டுவோம் என்றார். சந்தியில் ஆமிக்காரன் நின்றால் சத்தமில்லாமல், நெஞ்சுக்குள் கைதட்டுவோம் என்றார். “இருபது வருசப் பழக்கம் பிள்ளை. கை தன்ர பாட்டில தட்டிப்போட்டுது.” எனக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள விருப்பமும் இருக்கவில்லை. இப்போது நன்றாக விளங்குகிறது. அப்பா அன்று கனடாவுக்கு எதிராகக் கைதட்டவில்லை. வாய்விட்டுத் தட்ட முடியாமற்போன இருபது வருடத்தையும் சேர்த்து ஒரே பொழுதில் தட்டித் தீர்த்தார், அவ்வளவுதான். ஆனால் அதற்கு என் சனிக்கிழமைதானா கிடைத்தது என்ற எரிச்சல் இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளியில் தோழி என் பக்கத்தில் இருக்கவில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தால் வேறு பக்கம் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் உடுத்துக்கொண்டு யன்னலில் நின்றேன். கோச்சின் கார் எதிர்ப்பக்கத்தில் புகை விட்டுக்கொண்டு நின்றது. பிறகு எங்கள் கட்டடத்தைத் திரும்பியும் பாராமல் போனது. அம்மா பின்னால் வந்து என் தலையைத் தடவினார். நான் அவர் வயிற்றில் முகத்தை வைத்து அழுதேன். அப்பா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அப்பாவோடு நான் பேசாமல் இருந்தேன் என்றில்லை. வரி, வைத்தியர், அத்திவாரம் போட்ட புது வீடு என்று எல்லாம் பேசினோம். ஆனால் ஒவ்வொரு நத்தார் முடிவிலும், புதுவருடத்தை ஒட்டி, அவர் அந்தப் போட்டியைப் போடுவார், நான் எழும்பி அறைக்குப் போவேன். சில வருடங்களில் என்னைக் கூப்பிட்டும் பார்த்தார். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தனியே சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார். யார் வென்றாலும் கைதட்டவில்லை. அந்தச் சிவப்பு ஜேர்சியைக் கழுவி மடித்து அவர் என் அலுமாரியில் வைத்ததை நான் கண்டும் காணாதமாதிரி இருந்தேன். ஏதோ ஒரு வீடு மாறலில் அது தொலைந்தது.

இருபத்தைந்து வயதில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வேறு ஏதோ வாக்குவாதம். எந்தக் கட்சிக்கு வாக்குப் போடுவது என்று நினைக்கிறேன். நான் அப்பாவைப் பார்த்து, “நீங்கள் ஒரு நாட்டுக்கும் உண்மையாய் இருக்கேல்லை, பெத்த பிள்ளைக்கும் இருக்கேல்லை,” என்றேன். அம்மா அப்போது சோறு போட்டுக்கொண்டிருந்தார். அப்பா அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

இனி இந்தத் தைக்கு வருகிறேன். நான் வேலை செய்கிற இயன்மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசை ஸ்காபரோவின் பாதி முழங்காலை அறியும். கனடா தோற்ற மறுநாள் காத்திருந்தவர்கள் எல்லோரும், ஊன்றுகோல்காரர் உட்பட, தோல்வியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது முழங்கால் வலியோடு ஒரு பெண் வந்து படிவத்தை நீட்டினாள். பெயரைக் கண்டதும் நிமிர்ந்தேன். கோச்சின் மகள். நரைத்திருந்தாள், நானும்தான். அவளும் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். நேற்றைய ஆட்டத்தைப் பார்க்கும்போது உன் அப்பாவைத்தான் நினைத்தேன் என்றாள். எனக்கு முகம் சுட்டது. அவள் கேலிக்குச் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கோச் சிரித்துக்கொண்டே வந்தாராம். இவ்வளவு சந்தோசமாக ஹொக்கி பார்த்த மனிதரைத் தான் கண்டதேயில்லை என்று, கடைசி வரைக்கும் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கவசப் பையைக் கூடக் காரில் ஏற்றிவைத்திருந்தார். மறுநாள் ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, என்னை எத்தனை மணிக்கு ஏற்றுவது என்று கேட்டிருக்கிறார். தகப்பனுக்கு விருப்பமில்லை என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளையின் மனத்தை நோகடிக்காதே, இதைப் பற்றி அவளோடு பேசாதே என்று மகளிடம் சொல்லிவைத்தார். அவளும் பேசவில்லை.

தொலைபேசியில் யார் கதைத்தது என்று கேட்டேன். உன் அம்மா என்றாள்.

அம்மா இப்போது ரூஜில் என்னோடுதான் இருக்கிறார். அன்று நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் எதிரில் போய் இருந்தேன்.

“அம்மா, அந்தக் கோச் போன் எடுத்தவரோ?”

எந்தக் கோச் என்று அவர் கேட்கவில்லை. “எடுத்தவர்,” என்றார்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“எனக்கு அப்ப என்ன இங்கிலீஷ் தெரியும். ஃபாதர் நோ எண்டு சொல்லி வைச்சிட்டன்.”

“அப்பா அப்பிடிச் சொன்னவரோ?”

“இல்லை. அவர் வேலைக்குப் போயிட்டார்.”

வயதுக்கு வரப்போகிற பிள்ளை, பனியில் காலை அகட்டி விழுந்து எழும்புகிற விளையாட்டு, விடியாத நேரத்தில் பிறத்தி ஆம்பிளையின் கார், நாளைக்கு ஒன்று நடந்தால் சனம் என்ன சொல்லும், என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போதும் காய் முறிப்பது நிற்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாத நியாயமில்லை. நம் வீடுகளில் எந்தத் தாய் இதைச் சொல்லவில்லை. அப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் கை நின்றது.

“அண்டைக்குப் பின்னேரமே சொன்னனான். சரியான கோபம் அவருக்கு. நீ அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தனி. போய்ச் சொல்லுறன் எண்டு எழும்பினனான், அவர்தான் மறிச்சவர். ‘ஏற்கெனவே அவளுக்கு என்னோட கோபம், அது என்னோடயே இருக்கட்டும். இண்டைக்கோ நாளைக்கோ வயதுக்கு வாற பிள்ளை, தாயோட கதைக்காம இருக்கக்கூடாது’ எண்டார்.”

“நான் அப்பாவை, ‘பெத்த பிள்ளைக்கும் உண்மையாய் இருக்கேல்லை’ எண்டு சொல்லேக்க நீங்கள் சோறு போட்டுக்கொண்டு பக்கத்தில நிண்டனீங்கள்.”

“நிண்டனான்,” என்றார் அம்மா.

அப்பா இறந்து ஆறு வருடம். எவ்வளவு பெரிய மனது என்று நீங்கள் எழுதப் போகிறீர்கள். எழுதாதீர்கள். என் கோபத்தை எங்கே வைப்பது என்று என்னைக் கேளாமலே இரண்டு பேரும் பேசி முடித்திருக்கிறார்கள். ஒருவரை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வாட்டிவிட்டு, வாட்டச் செய்தவரின் வயிற்றிலேயே முகம் புதைத்து அழுதிருக்கிறேன். அம்மா என்னை ஏமாற்றினார். அப்பாவும் ஏமாற்றினார், அன்பினால் என்றாலும் அதற்குப் பெயர் அதுதான். அவரிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. வெறும் வயிற்றில் மருந்து ஆகாது. காலையில் கஞ்சி, மத்தியானம் குழைத்த சோறு, நேரம் பிந்தாமல் கொடுக்கிறேன். கால் வீங்கினால் பிடித்துவிடுகிறேன். அவரோடு கதைத்து இன்றைக்குப் பதினொரு நாள்.